மாவும் கான்கிரீட்டும்: அளவு சரியாக இருந்தும் ஏன் தவறுகிறது?

சிவில் படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "என் அக்கா நுண்ணுயிரியல் படிக்கிறாள். கலவையின் அளவு சரியாக இருந்தால் விளைவு சரியாக வந்தே தீரும் என்பது என் கட்சி. அளவெல்லாம் ஏட்டில்தான், சூழல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது அவள் கட்சி. உயிருள்ளவற்றுக்கும் நாம் கட்டுபவற்றுக்கும் பொதுவாக ஏதாவது விதி உண்டா, அல்லது இரண்டும் வேறு வேறு உலகமா?"

எனக்கு இந்தச் சண்டை பழக்கமானது. இருபது வருடமாகக் கான்கிரீட் தரம் பார்க்கிற வேலை. அதற்கு முன் பதினைந்து வருடம் அம்மாவின் மாவுக்கடையில் கிரைண்டர் கழுவிய அனுபவம். இரண்டு இடத்திலும் ஒரே வகைப் புகார்தான் வரும்: "எப்பவும் போடுற அளவுதான் போட்டேன், இன்னைக்கு மட்டும் இப்படி ஆயிடுச்சு."

என் பதில் இது. அளவு என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு ஈரத்தில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அளவு. இதை உங்கள் அக்காவும் ஒப்புக்கொள்வார். இன்னொன்று இருக்கிறது, அதை நீங்கள் இருவருமே விட்டுவிட்டீர்கள்: கலந்து வைத்த மறுகணத்திலிருந்து கலவை தன் சூழலைத் தானே மாற்றத் தொடங்கிவிடுகிறது. மாவு தன்னைப் புளிப்பாக்கிக்கொள்கிறது. கான்கிரீட் தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. நாம் தொடங்கி வைப்பதோடு சரி.

மாவிலிருந்தே போகலாம், எல்லோர் வீட்டிலும் இருப்பதால்.

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பரவலான கணக்கு. இதில் உளுந்து என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், பலர் "அதுதான் புளிக்க வைக்கிறது" என்பார்கள். பாதிதான் அது. நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடு வருகின்றன, உண்மைதான். (கைராசி என்பார்கள். அம்மாவுக்கு அதில் அசையாத நம்பிக்கை. கையால் கலக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கரண்டியால் கலக்கினாலும் மாவு பொங்கும்.) உளுந்தின் இன்னொரு வேலை, உண்டாகும் காற்றைப் பிடித்து வைப்பது. உளுந்தை அரைக்கும்போது கையில் வழவழவென்று ஒட்டுகிறதே, அது அரபினோகேலக்டான் என்ற பசைத்தன்மையுள்ள சர்க்கரைச் சங்கிலி. அதோடு குளோபுலின் வகைப் புரதமும் சேர்ந்து குமிழியின் சுவராக நிற்கிறது. அரிசி மாவுக்கு இந்தச் சுவர் கட்டத் தெரியாது.

இட்லி மாவில் முதலில் ஓங்குவது லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று 1960களிலேயே கண்டார்கள். இது சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒரே நேரத்தில் விடுகிறது. அமிலம் புளிப்பு, வாயு பொங்கல். ஆரம்பத்தில் மாவின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6 பக்கம் இருக்கும். புளிக்கப் புளிக்க 4.5 பக்கம் இறங்கும். அமிலம் கூடக்கூட, அதைத் தாங்கக்கூடிய வேறு வகைப் பாக்டீரியாக்களின் கை ஓங்குகிறது. அதாவது முதலில் வந்தவர் தன் கழிவாலேயே தனக்கு இடமில்லாமல் செய்துகொண்டு, அடுத்தவருக்கு வழி விடுகிறார். வெளியில் இருந்து யாரும் எதையும் ஊற்றவில்லை. பாத்திரத்துக்குள் இருந்த சூழலை, பாத்திரத்துக்குள் இருந்தவர்களே மாற்றினார்கள்.

இதனால்தான் "எத்தனை மணி நேரம் புளிக்க வைக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. சித்திரையில் சென்னையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி மூடியைத் தள்ளும் மாவு, மார்கழியில் ஊட்டியில் மறுநாள் மதியம் வரை கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். அம்மாவின் கடையில் கோடைக்கு ஒரு நேரம், மழைக்காலத்துக்கு ஒரு நேரம். கோடையில் அரைக்கும்போதே ஐஸ் தண்ணீர். குளிர்காலத்தில் அண்டாவுக்குப் போர்வை. உப்பை எப்போது போடுவது என்பதிலும் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். உப்பு நுண்ணுயிர்களைக் கொஞ்சம் மந்தமாக்கும் என்பதால், வெயில் காலத்தில் முதலிலேயே போட்டுவிடுவதும் குளிரில் பொங்கிய பிறகு போடுவதும் புத்திசாலித்தனம். கலவை அதேதான், சேர்க்கும் நேரம்தான் மாறுகிறது. அந்த நேரமே ஒரு கருவி.

மாவு சரியில்லாதபோது அம்மா செய்த சோதனை, பிறகு நான் பரிசோதனைக்கூடத்தில் கற்றதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். புளித்திருக்கிறது, ஆனால் பொங்கவில்லை என்றால் குறை கலவையில்: உளுந்து பழசு, அல்லது குறைவு, அல்லது தண்ணீர் கூடிப்போய் குமிழி நிற்காமல் மேலே வந்து வெடித்துவிட்டது. பாக்டீரியா தன் வேலையைச் செய்துவிட்டது, வாயுவைப் பிடிக்கத்தான் ஆளில்லை. புளிக்கவும் இல்லை, பொங்கவும் இல்லை என்றால் குறை பெரும்பாலும் சூழலில்: குளிர், அல்லது நேரம் போதவில்லை, அல்லது மிக்ஸியில் அரைத்து மாவைச் சூடாக்கிவிட்டோம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், பொங்கவில்லை என்றதும் இன்னும் நாலு மணி நேரம் வெளியே வைப்பவர்களுக்குக் கிடைப்பது பொங்காத, ஆனால் வாயில் வைக்க முடியாத புளிப்பு மாவு.

அதே மாவை நீராவியில் வைத்தால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை என்பதையும் யோசித்துப் பாருங்கள். நீராவியில் 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை, அதனால் இட்லி எத்தனை நேரம் வெந்தாலும் வெள்ளையாகவே இருக்கும். தோசைக்கல்லின் மேல் மாவின் ஈரம் வற்றியதும் வெப்பம் 140 டிகிரிக்கு மேல் ஏறுகிறது, புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வருகின்றன. கலவையில் ஒரு அணு கூட மாறவில்லை. இது உங்கள் அக்காவுக்கு ஒரு மதிப்பெண்.

இனி உங்கள் பக்கம்.

கான்கிரீட்டில் கலவைக் கட்சிக்குப் பலமான ஆதாரம் 1918இல் டஃப் ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்ட விதி. சிமெண்டின் எடைக்கும் தண்ணீரின் எடைக்கும் உள்ள விகிதம்தான் வலிமையைத் தீர்மானிக்கிறது, தண்ணீர் கூடினால் வலிமை சரியும் என்பது அதன் சாரம். சிமெண்ட் முழுதாக வினைபுரிய அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் எல்லாம், கலவை இளகி அச்சுக்குள் போய் உட்காருவதற்காக மட்டுமே. வேலை முடிந்ததும் அது வெளியேறும், போன இடமெல்லாம் துளை. அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் அட்டவணையைப் பார்த்தால், விகிதம் (தண்ணீரின் எடையைச் சிமெண்டின் எடையால் வகுத்தது) 0.47 என்றால் 28 நாள் வலிமை 35 மெகாபாஸ்கல், 0.69 என்றால் 20. ஐம்பது கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால், 35க்கும் 20க்கும் இடையில் நிற்பது 11 லிட்டர் தண்ணீர். ஒரு சின்ன பக்கெட்.

அந்த ஒரு பக்கெட் எப்படி உள்ளே போகிறது என்பதில்தான் விஷயம். யாரும் கெட்ட எண்ணத்தோடு ஊற்றுவதில்லை. மே மாதம், காலை பதினொரு மணி. ஜல்லி வெயிலில் காய்ந்து கையை வைக்க முடியாமல் சுடுகிறது. சூட்டில் சிமெண்ட் வேகமாக வினைபுரிகிறது, தண்ணீரும் ஆவியாகிறது, கலவை சீக்கிரம் இறுகுகிறது. மண்வெட்டியில் அள்ளவே சிரமம். கொத்தனார், "கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்கிறார். கலவை இளகுகிறது, வேலை ஓடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். சூழல் மாறியது, அதைச் சமாளிக்கக் கலவையை மாற்றினார்கள், மாற்றிய கலவை 28 நாள் கழித்துத்தான் வாயைத் திறக்கும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மேல்தளத்தில் இது என் கண் முன்னாலேயே நடந்தது. தடுக்கும் துணிச்சல் எனக்கு அப்போது இல்லை. கியூப் (சோதனைக்காக அதே கலவையில் வார்த்து, பிறகு உடைத்துப் பார்க்கும் கனசதுரம்) முடிவு வந்தபோது எல்லோரும் சிமெண்டைத்தான் திட்டினார்கள்.

சரியான வழி என்ன? சூழல் மாறினால் முதலில் சூழலைத் திருத்தப் பாருங்கள். ஜல்லிக்கு நிழல் போடுங்கள், தண்ணீர் தெளித்து ஆறவிடுங்கள், கான்கிரீட் போடுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள், கலக்கும் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதில் அதே எடைக்கு ஐஸ் போடுங்கள். அம்மா கிரைண்டரில் செய்த அதே வேலை. அதுவும் போதாவிட்டால் தண்ணீரைக் கூட்டாமல் இளகவைக்கும் ரசாயனங்கள் இருக்கின்றன. சிமெண்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகித் தமக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொள்ளும். இந்த ரசாயனங்கள் துகள்களைப் பிரித்துவிட்டு அந்தத் தண்ணீரை விடுவிக்கின்றன.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். ஈர மணல் உப்பி நிற்கும். துகள்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றைத் தள்ளி வைப்பதால், கன அளவு இருபது முப்பது சதவீதம்கூடக் கூடுதலாகத் தெரியும். சட்டிக் கணக்கில் அளப்பவருக்கு மணல் குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் போய்ச் சேரும். சட்டி எண்ணிக்கையில் தவறே இல்லை. "எப்பவும் போடுற அளவுதான்" என்று அவர் சொன்னால் அது சத்தியம். எம்-சாண்டானாலும் ஆற்று மணலானாலும் எடை போட்டு, ஈரத்தைக் கழித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் நம் ஊரில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. முன்பு வீடு கட்ட ஓ.பி.சி. எனும் சாதாரண சிமெண்ட்தான். இப்போது கடையில் பெரும்பாலும் தருவது பி.பி.சி., அதாவது அனல் மின் நிலையச் சாம்பல் கலந்தது. தர விதிப்படி 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. சூடு குறைவு, நாளாக ஆக வலிமை ஏறும், துளைகள் அடைபட்டு உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால் சாம்பல் மெதுவாகத்தான் வினைபுரியும். சிமெண்ட் வினைபுரிந்து வெளிவிடும் சுண்ணாம்புக்காக அது காத்திருக்க வேண்டும், அதுவரை ஈரமும் வேண்டும். அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டச் சொல்கிறது, சாம்பல் போன்றவை கலந்ததற்கு 10 நாள். மூட்டை மாறிவிட்டது, தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் விடும் பழக்கம் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது. உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். நல்ல சிமெண்ட், சரியான விகிதம், ஐந்தாம் நாளே காய்ந்த தளம்: கிடைப்பது பாதி வெந்த சோறு.

சரி, கான்கிரீட் தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது என்றேனே. சிமெண்டும் தண்ணீரும் சேரும் வினை வெப்பம் விடும் வினை. மெல்லிய தளத்தில் அந்தச் சூடு காற்றில் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. பருமனான அஸ்திவாரத்தில், அணையில், நடுவில் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் தங்கும். உள்ளே சூடு, வெளியே குளிர், நடுவில் விரிசல். 1930களில் ஹூவர் அணையைக் கட்டியபோது கான்கிரீட்டுக்குள் 1 அங்குலக் குழாய்களை, மொத்தம் 582 மைல் நீளத்துக்குப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட்டினார்கள். அணையை ஒரே கட்டியாக ஊற்றாமல் தனித்தனிக் கட்டங்களாக எழுப்பியதற்கும் இதுவே காரணம். தானாக ஆற விட்டிருந்தால் நூறு ஆண்டுக்கும் மேல் ஆகியிருக்கும் என்பது அன்றைய கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்பத்தில் சூடாக இருந்த கான்கிரீட் முதல் சில நாளில் வேகமாக வலிமை பெறும், பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் 28 நாள், 90 நாள் என்று போகும்போது, நிதானமாக இறுகிய கான்கிரீட் அதை முந்திவிடும். அவசரத்தில் பிறக்கும் படிகங்கள் துகளைச் சுற்றி அடர்த்தியாகக் கூடிவிடுகின்றன, தொலைவில் துளைகள் அப்படியே நிற்கின்றன. எதற்காக அளவை மாற்றுகிறோம், எந்த நாள் விளைவுக்காக என்பதைச் சொல்லாமல் "நல்ல கலவை எது?" என்று கேட்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே பாடத்தை உயிரியலில் பென்சிலின் கற்றுத் தந்தது. 1941இல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகளான ஃப்ளோரியும் ஹீட்லியும் இங்கிலாந்திலிருந்து பென்சிலின் சுரக்கும் பூஞ்சையைக் கொண்டு அமெரிக்கா போனார்கள். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் படுக்கை நோயாளிகளின் மலத்தட்டுகளில்கூட அதை வளர்த்துப் பார்த்திருந்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் இருந்த வேளாண் ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்து எடுத்தபின் மிஞ்சும் ஊறல் தண்ணீரை வளர்ப்பு நீரில் சேர்த்ததும் விளைச்சல் பல மடங்கு ஏறியது. அதோடு குளுக்கோஸுக்குப் பதில் லாக்டோஸ் கொடுத்தார்கள். குளுக்கோஸில் பூஞ்சை கொழுகொழுவென்று வளரும், பென்சிலின் அதிகம் தராது. பால் சர்க்கரையை மெதுவாகத்தான் உடைக்க முடியும், அந்த அரைப்பட்டினியில்தான் பென்சிலின் சுரந்தது. வளர்ச்சிக்கு உகந்த கலவையும் மருந்துக்கு உகந்த கலவையும் ஒன்றல்ல. பிறகு தட்டில் மேலாக மிதந்து வளர்ந்ததை, காற்றை உள்ளே செலுத்தும் ஆழமான தொட்டிக்கு மாற்றினார்கள். சூழல் மாறியதும், தட்டில் நன்றாக விளைந்த ரகம் தொட்டிக்குச் சரிவரவில்லை. புது ரகம் தேட வேண்டியிருந்தது. 1943இல் அது பியோரியாவிலேயே, அழுகிய ஒரு முலாம்பழத்தில் கிடைத்தது.

உடம்புக்குள்ளும் இதே கதைதான். வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் சர்க்கரை ஏன் இருக்கிறது? தெம்புக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் கைகோத்து உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று உண்டு. குளுக்கோஸ் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. சோடியம் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீர் போகும். அப்படியானால் சர்க்கரையைக் கூட்டினால் இன்னும் நல்லதா? இல்லை. அளவு மீறிய சர்க்கரை குடலுக்குள்ளேயே தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், போக்கு இன்னும் கூடும். முதலில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் இருந்தது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதை 13.5 கிராமாகக் குறைத்தது, உப்பையும் 2.6 கிராமாகக் குறைத்தது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்து "கெட்டியா கொடுத்தா சீக்கிரம் கேக்கும்" என்று குழந்தைக்குப் புகட்டுவது ஆபத்து என்பது இதனால்தான். தண்ணீர் கூடினால் கான்கிரீட் கெடும், தண்ணீர் குறைந்தால் இது கெடும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலானாபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார். முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

சர்க்கரை என்றதும் எங்கள் தொழிலின் ஒரு பழைய சண்டை நினைவுக்கு வருகிறது. "நம்ம முன்னோர் வெல்லமும் கடுக்காயும் போட்டுத்தானே கட்டினாங்க, சிமெண்ட்லயும் போட்டா கெட்டியாகும்ல?" என்று வீடு கட்டுபவர்கள் அடிக்கடி கேட்பார்கள். சுண்ணாம்புக் காரையில் வெல்லத் தண்ணீர் உண்மையிலேயே உதவுகிறது. சர்க்கரை இருந்தால் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும். காரை இறுகுவது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்ல மெல்லச் சுண்ணாம்புக்கல்லாக மாறுவதால். அதற்கு அவசரமே இல்லை. சிமெண்ட் இறுகுவது தண்ணீரோடு வினைபுரிந்து. அங்கே சர்க்கரை, வினை நடக்க வேண்டிய பரப்பில் போய் உட்கார்ந்து வழியை மறிக்கிறது. சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை, அதாவது ஒரு மூட்டைக்கு 25 கிராம், இறுகலை ஏறக்குறைய நாலு மணி நேரம் தள்ளிப்போடும். அது ஐந்தாறு டம்ளர் டீக்குப் போடும் சர்க்கரை. 0.2 சதவீதத்தைத் தாண்டினால் இறுகவே விடாது. இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டு, நடுவழியில் பழுதாகி நின்ற கலவை லாரிக்குள் சர்க்கரை மூட்டையைக் கொட்டி டிரம்மைக் காப்பாற்றியவர்களும் உண்டு. ஒரே வெல்லம், ஒரு வீட்டில் மருந்து, பக்கத்து வீட்டில் விஷம். முன்னோர் அறிவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அதைச் சுண்ணாம்புக்காகக் கண்டுபிடித்தார்கள், நாம்தான் இடம் மாற்றிப் போடுகிறோம்.

அறிவை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்த உருக்கு, ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்தது, 1.5 சதவீதம் பக்கம் கார்பன் கொண்டது. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. இந்தக் கட்டிகளை வாங்கிப்போன ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெண்சூடு வரை காய்ச்சி அடித்தார்கள். உருக்கு உதிர்ந்து போனது. கார்பன் கூடினால் இரும்பு உருகத் தொடங்கும் வெப்பநிலை இறங்கிவிடும். அவர்கள் இரும்புக்குப் பொருந்திய சூடு இதற்கு அளவுக்கு மீறிய சூடு. செஞ்சூட்டில் பொறுமையாக அடித்தால் அதே கட்டி பேர் பெற்ற வாளாகும். கட்டியைக் கப்பலில் ஏற்றினார்கள், சூட்டைப் பற்றிய அறிவை ஏற்ற மறந்தார்கள். இலங்கையின் சமனலவெவவில் 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய உலைகள் இன்னும் சுவையானவை. மேற்குப் பார்த்த குன்றுச் சரிவுகளில், துருத்தியே இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றால் எரிந்தவை அவை. அந்த உலையின் கலவைக் குறிப்பில் காற்று வீசும் மாதத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருந்திருக்கும்.

அப்படியானால் உயிருள்ளதற்கும் கட்டியதற்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. பாக்டீரியாக் கூட்டத்தில் யார் கூடுவது, யார் குறைவது என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கிறது. கலவை தன்னையே மறுபடி எழுதிக்கொள்கிறது. இன்று பொங்கிய மாவில் ஒரு கரண்டியை நாளைய மாவில் போட்டால் ஏற்கெனவே ஜெயித்தவர்கள் அங்கே முன்னதாகப் போய் உட்காருவார்கள். கான்கிரீட் அப்படிச் செய்யாது. அதில் சிமெண்ட் துகள் வம்சம் வளர்ப்பதில்லை. ஒரு திசையில் மட்டுமே போகும், தவறினால் திரும்பி வராது. அதனால்தான் மாவில் மன்னிப்பு உண்டு, பொங்காத மாவை வெதுவெதுப்பான இடத்தில் வைத்து மீட்கலாம். தண்ணீர் கூடிப்போன தளத்தை எந்தப் போர்வையும் மீட்காது.

உங்கள் வீட்டுச் சண்டையை முடிக்க ஒரு வேலை தருகிறேன், இருவரும் சேர்ந்து செய்யுங்கள். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று" என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்தக் கேள்விக்கு அது உதவாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வயல்களில் வேலை செய்த புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1920களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: உரத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, பிறகு ரகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால், குறிப்பிட்ட ரகத்துக்கு மட்டும் பலித்த உரம் எது என்பது கண்ணில் படாது. இரண்டையும் எல்லாச் சேர்க்கையிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே நாலு கண்ணாடி டம்ளர். இரண்டில் நாலுக்கு ஒன்று உளுந்து, இரண்டில் எட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை ஏ.சி. அறையில், ஒன்றை அடுப்பறையில் வையுங்கள். டம்ளருக்கு வெளியே ரப்பர் பேண்ட் போட்டு மாவின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை உயரமும் பி.எச். தாளும். உளுந்து குறைந்த மாவு அடுப்பறையில் புளிக்கும், ஆனால் அவ்வளவாக உயராது. அதை உங்கள் அக்காவிடம் காட்டுங்கள். உளுந்து சரியாக இருந்தும் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பதை அவர் உங்களுக்குக் காட்டுவார்.

கல்லூரிக் கூடத்தில் இதே நாலு கட்டத்தைக் கியூபில் போடுங்கள்: விகிதம் 0.45, 0.60. ஒரு தொகுதி தண்ணீர்த் தொட்டியில், ஒரு தொகுதி வெளியே வெயிலில். ஒவ்வொரு சேர்க்கைக்கும் மூன்று கியூப், மொத்தம் 12. இருபத்தெட்டாம் நாள் உடையுங்கள். எண்களைக் கட்டம் போட்டு எழுதும்போது, தண்ணீர் கட்டாததால் எந்த விகிதம் அதிகமாக இழந்தது என்று பாருங்கள், அதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். கியூபில் சாக்பீஸால் எண் போடாதீர்கள், தொட்டியில் அழிந்துவிடும். பெயின்ட் மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடம் என் 12 கியூபும் அப்படித்தான் அடையாளம் தெரியாமல் போயின.